மதில் காத்த காடு

2015 டிசம்பர் 2ஆம் தேதி காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. சென்னைக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் சராசரி மழையே ஏறத்தாழ 140 சென்டிமீட்டர்தான். அதில் மூன்றில் ஒரு பங்கு ஒரே நாளில் கொட்டித் தீர்த்தது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மொட்டைமாடிக்கு ஏறிய ஜனங்களைப் படகில் மீட்டார்கள். அந்த ஊரைப் போய் வறண்ட பூமி என்றால் யாரும் சிரிப்பார்கள். ஆனால் 2019 கோடையில் நகருக்குக் குடிநீர் தரும் பெரிய ஏரிகள் தரை தெரிய வற்றிப்போனபோது, இதே புறநகர்த் தெருக்களில்தான் தண்ணீர் லாரிக்காகக் குடங்கள் வரிசை கட்டி நின்றன.

இந்த வறட்சி மொத்த மழை அளவில் இல்லை. மழை வரும் நாட்களில் இருக்கிறது. ஆடி, ஆவணியில் சாயங்கால இடிமழை கொஞ்சம் பெய்யும். பெரும்பகுதி ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வந்துவிடும், அதுவும் சில புயல் நாட்களில். தை பிறந்தால் வானம் கைவிரித்துவிடும். மாசி தொடங்கி ஆனி வரை, கோடை மழை என்று ஏதாவது தலைகாட்டினால் உண்டு. அந்தத் தண்ணீரையும் பல்லாவரம், திரிசூலம், வண்டலூர்க் குன்றுகளின் பாறையும் செம்பூராங்கல் சரளையும் பிடித்துவைத்துக்கொள்வதில்லை. ஆண்டில் பாதிக்கு மேல் தாகத்தோடு நிற்கும் இந்த மண்ணில் இயற்கையாக என்ன காடு வளரும்? அந்தக் காட்டின் மிச்சம் ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அதைக் காடு என்று யாரும் மதிப்பதில்லை.

ஜவ்வாது மலையிலோ கல்வராயன் மலையிலோ மாசி மாதத்தில் மரங்கள் இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். தண்ணீர் இல்லாத காலத்தில் இலையை வைத்துக்கொண்டால் நஷ்டம் என்பது அங்கே மரங்களின் கணக்கு. சோழமண்டலக் கடற்கரையை ஒட்டிய சமவெளியில் இந்தக் கணக்கு மாறுகிறது. அங்கே போலவே இங்கும் வெயில் கொளுத்தும். ஆனாலும் காடு பச்சையாகவே நிற்கும். ஹெச். ஜி. சாம்பியன் 1936இல் இந்தியக் காடுகளை வகைப்படுத்தினார். எஸ். கே. சேத்துடன் சேர்ந்து 1968இல் அதைத் திருத்தி விரிவாக்கினார். வனத்துறை இன்றும் கையாளும் அந்தப் பட்டியலில் இந்தக் காட்டுக்கென்று ஒரு தனிப் பிரிவே இருக்கிறது: வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு. ஆந்திரத்தின் தென்கடற்கரையில் தொடங்கி இராமநாதபுரம் வரை, கடலை ஒட்டிய ஒரு குறுகிய பட்டையில் மட்டும் இந்தியாவில் இது உண்டு.

வறண்ட இடத்தில் ஏன் பச்சை? இதற்குப் பொருத்தமாகத் தோன்றும் விளக்கம் ஒன்று இருக்கிறது. மழைக்காலம் இங்கே குறுகியது. மேகம் மூடிய, பகல் சுருங்கிய மாதங்களில் வருவது. மழை வந்த பிறகு புது இலை விட்டு உணவு தயாரிக்கலாம் என்று ஒரு மரம் காத்திருந்தால், இலை முதிர்வதற்குள் மழை முடிந்துவிடும். அதைவிட, ஒருமுறை செலவழித்துச் சிறிய, தடித்த, தோல் போன்ற இலையை உண்டாக்கி, அதை ஓர் ஆண்டுக்கு மேலும் வைத்துக்கொள்வது லாபம். ஆடியில் ஒரு மழை, சித்திரையில் ஒரு மழை, கடற்காற்றின் ஈரம், எது எப்போது வந்தாலும் வாங்கிக்கொள்ள இலை தயாராக இருக்கும். காயா மரத்தின் இலை ஒன்றைக் கிள்ளி மடித்துப் பார்த்தால் இது புரியும். வேப்பிலை மாதிரி துவளாது, பட்டென்று முறியும். இந்த இலையை வைத்துக்கொண்டுதான் அந்த மரம் வெயில் மாதங்களில் கிளை முழுக்க நீலப் பூவை அப்பிக்கொண்டு நிற்கிறது.

காயா, கணுப்பாலை, வீரை, இரும்புலி, காட்டு எலுமிச்சை, கொஞ்சி, களா, காரை, சூரை என்று நீள்கிறது இந்தக் காட்டின் பட்டியல். செங்கல்பட்டுப் பக்கம் ஆடு மேய்த்து வளர்ந்தவர்களுக்கு இவை தெரிந்த பெயர்கள். அடுக்குமாடியில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் களாக்காய்கூட ஊறுகாய் பாட்டிலில் பார்த்ததுதான். நமக்குத் தெரியாமலே கணுப்பாலையோடு ஒரு சம்பந்தம் எல்லோருக்கும் உண்டு. சந்தையில் வாங்கும் சப்போட்டா, பெரும்பாலும் பாலைக் கன்றின் மேல் ஒட்டுக்கட்டி வளர்த்த மரத்தில் காய்த்தது. மேலே மெக்சிகோப் பக்கத்துப் பழமரம், கீழே நம் வறண்ட காட்டின் வேர்.

இலங்கைத் தமிழரிடம் பாலை, வீரை என்றால் விளக்கம் தேவைப்படாது. வன்னிக் காட்டின் தலையாய மரங்களே இவைதான். பாலைப்பழக் காலத்தில் காட்டுக்குள் போய்ப் பறித்துவந்து தின்ற நினைவு அங்கே பலருக்கும் உண்டு. வில்பத்துவிலும் யாலவிலும் பாலை பழுக்கும் மாதங்களில் கரடிகள் மரமேறித் தின்பதைப் பார்க்கவே சுற்றுலாக்காரர்கள் போகிறார்கள். யானை, கரடி, சிறுத்தை எல்லாம் உலவ இடம் கொடுக்கும் அதே மரக்கூட்டம், பாக்கு நீரிணைக்கு இந்தப் பக்கம் வண்டலூரில் தலையளவுப் புதராக நிற்கிறது. இரண்டு கரைக்கும் இடையில் மழை ஓரளவு வேறுபடும்தான். ஆனால் காடு இவ்வளவு குட்டையாகிப்போனதற்குக் காரணம் மழை அல்ல, அடுப்பு.

நன்மங்கலம் காப்புக்காட்டில் ஒரு புதரின் அடியில் குனிந்து பார்க்கிறவர்களுக்கு இந்தச் சரித்திரம் தெரியும். மேலே விரல் தடிமனில், மணிக்கட்டுத் தடிமனில் ஏழெட்டுத் தண்டுகள். கீழே அவை எல்லாம் கிளம்பும் அடிக்கட்டை மட்டும் ஒரு நடுத்தர மரத்தின் அகலத்தில், முண்டும் முடிச்சுமாக மண்ணோடு மண்ணாக இருக்கும். செடியாகப் பிறந்த புதர் அல்ல அது. வெட்டி, துளிர்த்து, வெட்டி, துளிர்த்துத் தன் உயரத்தை இழந்த மரம். கரும்பில் மறுதாம்பு விடுவதுபோலவே காட்டிலும் விட்டிருக்கிறார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னைப் பட்டணத்தின் சமையலுக்கும் செங்கல் சூளைக்கும், பிறகு நீராவி ரயிலுக்கும் விறகு வேண்டியிருந்தது. சுற்று வட்டாரக் குன்றுகள் மொட்டையாவதைக் கண்டு கவலைப்பட்டவர்களும் அப்போதே உண்டு. அவர்களில் எட்வர்ட் பால்ஃபர் முக்கியமானவர். ராணுவ மருத்துவர்; சென்னை அருங்காட்சியகத்தை வளர்த்தெடுத்தவர். மரங்கள் மழையையும் மண்ணின் ஈரத்தையும் எப்படிக் காக்கின்றன என்பது பற்றி 1849இல் கட்டுரை வெளியிட்டார். அதே பால்ஃபர் 1855இல் அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கியதுதான் சென்னையின் உயிரியல் பூங்கா. பிறகு மூர்மார்க்கெட் பக்கத்துப் பூங்காவுக்கு இடம் மாறி, கடைசியில் 1985இல் வண்டலூர்க் காட்டில் வந்து சேர்ந்தது. காடழிந்தால் வறட்சி வரும் என்று எழுதியவரின் மிருகக்காட்சிசாலை, 130 ஆண்டு கழித்து ஒரு வறண்ட காட்டுக்கே வேலி ஆனது. இதெல்லாம் யாரும் திட்டமிட்டு நடப்பதில்லை.

1856இல் ஹியூ கிளெக்ஹார்ன் சென்னை மாகாணத்தின் முதல் வனக்காப்பாளராக நியமிக்கப்பட்டார். 1882இல் சென்னை வனச் சட்டம் வந்தது. இன்று வண்டலூரிலும் நன்மங்கலத்திலும் நாம் பார்க்கும் ‘காப்புக்காடு’ பலகைக்கு மூலம் அந்தச் சட்டம். காப்புக்காடு என்றால் மிருகங்களுக்காகக் காத்தது என்று இன்று நினைக்கிறோம். செங்கல்பட்டு மாவட்டத்துப் புதர்க்காடுகளைப் பொறுத்தவரை அன்றைய நோக்கம் விறகு. காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து முறைவைத்து வெட்டுவது, அடிக்கட்டை துளிர்த்து வளர்ந்ததும் மறுபடி அங்கேயே வருவது. மண்ணெண்ணெயும் எரிவாயுவும் சமையலறைக்கு வந்த பிறகுதான் இந்தக் கட்டைகளுக்கு ஓய்வு கிடைத்தது. இதில் ஒன்றை மறுக்க முடியாது. விறகுக்காகவேனும் எல்லைக்கல் நட்டதால், அந்த நிலம் பட்டாவாகவும் பிளாட்டாகவும் போகாமல் தப்பியது. 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது முதல் இந்தப் பக்கம் நிலத்தின் விலை எப்படி ஏறியது என்று தெரிந்தவர்களுக்கு அந்த எல்லைக்கல்லின் அருமை புரியும்.

எல்லைக்கல்லைவிட நன்றாக வேலை செய்தது மதில் சுவர். தாம்பரத்தைச் சுற்றி இந்தக் காடு எங்கெங்கே மிஞ்சியிருக்கிறது என்று வரைபடத்தில் புள்ளி வைத்தால், காப்புக்காடு போக மற்றவை எல்லாம் ஏதோ ஒரு நிறுவனத்தின் சுற்றுச்சுவருக்குள் விழும்.

1928இல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து காசநோயாளிகளுக்காகப் பச்சைமலை அடிவாரத்தில் ஒரு சானடோரியம் கட்டினார். இங்கிலாந்தில் திறந்தவெளிச் சிகிச்சை முறையை நடத்திப் பார்த்தவர் அவர். மருந்து கண்டுபிடிக்கப்படாத அந்தக் காலத்தில் காற்றோட்டமும் வெயிலும் ஓய்வுமே சிகிச்சை. பட்டணத்துப் புழுக்கத்தை விட்டு நோயாளியைக் கொண்டுவந்து இந்தக் குன்றடியில் படுக்கவைத்தார்கள். ரயில் நிலையத்துக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. 1937இல் சென்னை கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுன் நெரிசலை விட்டுச் சேலையூர்க் காட்டுக்கு வந்தது. சுமார் 365 ஏக்கர். அங்கே வேதியியல் சொல்லிக்கொடுத்த எட்வர்ட் பார்ன்ஸ் ஓய்வு நேரமெல்லாம் தென்னிந்தியத் தாவரங்களைச் சேகரித்துத் திரிந்தவர். அவரும் அவர் துணைவியார் ஆலிஸும் வளாகத்தில் மரம் வளர்த்த கதையைக் கல்லூரியில் இன்றும் சொல்வார்கள். பிறகு விமானப்படைத் தளம். பிறகு மிருகக்காட்சிசாலை, மீட்பு மையத்தையும் சேர்த்துச் சுமார் 600 ஹெக்டேர்.

கொஞ்சம் வடக்கே போனாலும் இதே கதை. கிண்டிக் காடு, கவர்னர் மாளிகையின் தோட்டமாக இருந்ததால் பிழைத்தது. அதில் ஒரு பகுதியை வாங்கிக்கொண்ட ஐஐடியின் வேலிக்குள் இன்னொரு துண்டு. எஞ்சிய 2.7 சதுர கிலோமீட்டர் 1978இல் தேசியப் பூங்கா ஆயிற்று. இன்னும் வடக்கே, இந்த வகைக் காட்டின் மிகப் பெரிய துண்டுகளில் ஒன்று ஸ்ரீஹரிகோட்டாவில் இருக்கிறது. 1971 முதல் அங்கே ராக்கெட் விடுகிறார்கள். அதனால் ஆள் நடமாட்டம் இல்லை. தெற்கே போனால் மதிலுக்குப் பதில் தெய்வம். மரக்காணத்தை அடுத்த கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு, ஊர்ப் பயத்தாலும் பக்தியாலும் நின்றது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் என். பார்த்தசாரதியும் அவர் மாணவர்களும் பல ஆண்டுகளாக இப்படிப்பட்ட கோயிற்காடுகளில்தான் மரம் மரமாக அளந்து, இந்தக் காட்டின் இயல்பைப் பதிவு செய்தார்கள். வேறு எங்கும் அளக்கப் போதுமான காடு இல்லை.

காசநோய், கல்லூரி, கவர்னரின் ஓய்வு, விமானம், ராக்கெட், ஐயனார். இதில் ஒன்றுகூட உலர் பசுமைமாறாக் காட்டைக் காப்பதற்காக ஏற்பட்டதல்ல. தென்சென்னையில் காடு பிழைத்தது பாதுகாப்புக் கொள்கையால் அல்ல, பக்கவிளைவால் என்பதுதான் என் வாதம். பக்கவிளைவை நம்பி ஒன்றை விட்டுவைக்க முடியாது. கல்லூரிக்குப் புதுக் கட்டடம் வேண்டியிருக்கும். ஆஸ்பத்திரிக்குப் புதுப் பிரிவு வேண்டியிருக்கும். அவரவர் நியாயம் அவரவருக்கு.

மதில் யாரை வெளியே நிறுத்தியது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆட்டுக்காரர், விறகு பொறுக்கும் பெண்கள், எல்லோருக்கும் முன்னதாக இருளர். செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களின் புதர்க்காட்டை அவர்கள் அளவுக்கு அறிந்தவர்கள் இல்லை. எந்த வளையில் எலி, எந்த வளையில் பாம்பு, அது போய் எத்தனை நேரம் ஆயிற்று என்று மண்ணில் உள்ள தடத்தைப் பார்த்துச் சொல்வார்கள். பாம்புத்தோல் வியாபாரம் நடந்த காலத்தில் அதற்குப் பாம்பு பிடித்தவர்கள் அவர்களே. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதைத் தொடர்ந்த ஏற்றுமதித் தடையும் அந்தப் பிழைப்பை நிறுத்தின. ரோமுலஸ் விட்டேக்கர் 1969இல் சென்னைப் பாம்புப் பண்ணையை முதலில் தொடங்கியது இந்தச் சேலையூரில்தான். கிண்டிக்குப் போனது 1972இல். அவர் முன்முயற்சியில் 1978இல் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்துவந்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விட்டுவிடுவார்கள். இந்தியாவில் பாம்புக்கடிக்குப் போடும் விஷமுறிவு மருந்துக்கு நீண்ட காலமாக மூலப்பொருள் தந்தது அந்தச் சங்கம். 2023இல் இருளர்களான மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. புதர்க்காட்டால் யாருக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு, பயன் ரத்தக்குழாய் வரை போகிறது என்று சொல்லலாம்.

நன்மங்கலத்துக்கு வருவோம். மேடவாக்கத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே சுமார் 320 ஹெக்டேர். மூன்று பக்கமும் வீடுகள். நடுவில் கைவிடப்பட்ட கல்குவாரி. இந்தப் பகுதியின் கருங்கல்லுக்குப் புவியியலில் ஒரு தனிப் பெருமை உண்டு. தாமஸ் ஹாலண்ட் 1893இல் பரங்கிமலை, பல்லாவரம் பாறையை ஆராய்ந்து அதற்கு சார்னோகைட் என்று பெயர் வைத்தார். கல்கத்தாவை நிறுவியதாகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகைப் பாறையால் ஆனது என்பது காரணம். உலகத்தின் எந்த மூலையில் இந்தப் பாறை கிடைத்தாலும் அதே பெயர்தான். இங்கே நாம் அதை ஜல்லியாக உடைத்து வீடு கட்டினோம். குன்றுகள் பள்ளமாயின.

பள்ளம் ஆனதில் ஒரு பறவைக்கு லாபம். கொம்பன் ஆந்தை மரத்தில் கூடு கட்டாது. பாறை முகட்டின் விளிம்பில், மண் திட்டில் முட்டையிடும். சமவெளிப் புதர்க்காட்டில் செங்குத்துப் பாறை ஏது? குவாரி வெட்டியவர்கள் செய்துகொடுத்துவிட்டுப் போனார்கள். மழைநீர் தேங்கிய குவாரியின் எதிர்ச்சுவரில், பாறை நிறத்திலேயே, இரண்டு காதுக்குஞ்சத்தோடு உட்கார்ந்திருக்கும் அதைக் கண்டுபிடிக்கப் பழகிய கண் வேண்டும். எச்சம் வழிந்த வெள்ளைக் கோடுதான் முதலில் தென்படும். அதன் உணவில் பெரும்பங்கு எலியும் பெருச்சாளியும். மேடவாக்கத்துக் குப்பை எலியைக் கொழுக்கவைக்கிறது, எலி ஆந்தையை வளர்க்கிறது. இயற்கை, செயற்கை என்று பிரித்துப் பேசுகிறவர்கள் இந்தக் குவாரியில் திணறிப்போவார்கள்.

நரியின் கதையும் இதே மாதிரி. அந்தி சாய்ந்ததும் புதர்க்காட்டு ஓரங்களில் குரல் கேட்கும். நரி மாமிசம் மட்டும் தின்னும் என்ற எண்ணம் தவறு. இலந்தை, சூரை, ஈச்சம்பழம் என்றால் விடாது. மரநாயும் அப்படியே. இந்தக் காட்டு மரங்களில் பெரும்பாலானவை சதைப்பற்றுள்ள பழம் தருபவை. விதை பரவுவது காற்றால் அல்ல, வயிற்றால். கொண்டைக்குருவியும் குயிலும் நரியும் மரநாயும் வந்துபோகும் தூரம்தான் அடுத்த கன்று முளைக்கும் தூரம். காட்டுத் துண்டுகளுக்கு நடுவே நாலுவழிச் சாலை வந்தால், சாலையில் அடிபட்டுச் சாகிற நரியோடு சூரை விதையும் சாலையைத் தாண்டாமல் நின்றுபோகிறது. வேளச்சேரி – தாம்பரம் சாலையும் வண்டலூர் – கேளம்பாக்கம் சாலையும் இப்படித்தான் குறுக்கே நிற்கின்றன. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு, வண்டலூர்க் காட்டோரம் இரவு முழுக்க வெளிச்சம்.

அதே 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது பெருங்களத்தூர் – நெடுங்குன்றம் சாலையை ஒரு முதலை நிதானமாகக் கடந்து புதருக்குள் போனது. காரில் இருந்தவர்கள் எடுத்த படம் நாடெங்கும் சுற்றியது. பூங்காவிலிருந்து தப்பியது என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். நெடுங்குன்றம் ஏரியிலும் அக்கம்பக்கத்து நீர்நிலைகளிலும் சதுப்புநில முதலைகள் இருக்கின்றன என்பது அந்த ஊர்க்காரர்களுக்குப் பழைய செய்தி. வறண்ட நாட்டில் காட்டையும் ஏரியையும் தனித்தனியாகப் பார்க்கக் கூடாது. காட்டில் விழும் மழை ஏரிக்கு. கோடையில் காட்டு விலங்கின் தாகத்துக்கு ஏரி. நீர்வரத்துக் கால்வாயை அடைத்து மனை போட்டால் இரண்டும் சேர்ந்தே கெடும்.

ஐப்பசி மழையோடு ஆறுமணிக் குருவி வரும். வடக்கே இமயத்து அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, இரவில் பறந்து தெற்கே வரும் பறவை. களைத்துப்போய் யார் வீட்டுப் பால்கனியிலாவது விழுந்து கிடக்கும். பச்சை, நீலம், குங்குமச் சிவப்பு என்று அத்தனை வண்ணத்தைப் பார்த்து, வளர்த்த கிளி தப்பி வந்துவிட்டது என்று நினைப்பார்கள். அதற்கு வேண்டியது பெரிய மரமில்லை. அடர்ந்த புதரும் அதன் கீழே மட்கிய சருகும், சருகைக் கிளறினால் புழுவும். தோட்டம் என்று சொல்லிச் சருகைக் கூட்டிக் கொளுத்தும் வளாகத்தில் அது தங்காது.

எல்லாப் புதரும் பழைய புதர் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். சீமைக் கருவேலம் பாதி இடத்தை எடுத்துக்கொண்டது. காமராசர் காலத்தில் விமானத்திலிருந்து தூவினார்கள் என்று ஒரு பேச்சு எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் அதற்கு வெகு முன்பே, 1877 வாக்கில், சென்னை மாகாண வனத்துறை கடப்பைப் பக்கம் விதைத்துப் பார்த்திருக்கிறது. அப்போதும் காரணம் விறகுதான். பட்டணத்துக்கு விறகு வேண்டும் என்று நம் காட்டை வெட்டினோம். வெட்டிய காட்டுக்கு மாற்றாக அந்நிய முள்ளைக் கொண்டுவந்தோம். 2022இல் தமிழக அரசு அந்நியத் தாவரங்களை அகற்ற ஒரு கொள்கையை வெளியிட்டது, நல்லதுதான். ஆனால் முள்ளைப் பிடுங்குகிறோம் என்று பொக்லைனை விட்டு நிலத்தைப் புரட்டினால், அடியில் உறங்கும் காயாவின் கட்டையும் சேர்ந்து போய்விடும். வெட்ட வேண்டியதை வெட்டத் தெரிந்த கை வேண்டும், எந்திரம் அல்ல.

வறண்ட காட்டுக்கு முள்ளைவிடப் பெரிய ஆபத்து நம்முடைய நல்லெண்ணம் என்று எனக்குத் தோன்றுகிறது. கிண்டியில் வெளிமானுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். அது திறந்த புல்வெளியின் விலங்கு. தூரம் தெரிய வேண்டும். ஓட இடம் வேண்டும். புள்ளிமானுக்கோ நிழலும் புதரும் போதும். அதைக் கிண்டியில் கொண்டுவந்து விட்டது பிற்காலத்தில். வெளியில் மரம் சூழச் சூழப் புள்ளிமான் பெருகியது, வெளிமான் சுருங்கியது. இயற்கையாளர் மா. கிருஷ்ணன் சென்னையிலேயே வாழ்ந்து இதையெல்லாம் கண்கொண்டு பார்த்து எழுதியவர். வெற்றிடம் என்று நாம் நினைத்து மரம் நட்ட இடம் ஒரு விலங்குக்கு வீடாக இருந்தது. கவுதாரி, ஆட்காட்டி, பக்கி, விசிறித்தொண்டை ஓணான் எல்லாவற்றுக்கும் இதே வழக்கு.

அரசாங்கக் கணக்கே இந்தத் தவறைச் செய்யச் சொல்கிறது. இந்திய வனநில அளவை நிறுவனத்தின் அறிக்கைகளில், மரத்தலைகள் நிலத்தில் 10 சதவீதத்துக்குக் குறைவாக மூடியிருந்தால் அது ‘புதர்’, வனப்பரப்பில் சேராது. தரிசுநில வரைபடத் தொகுதியிலோ புதர் அடர்ந்த நிலமும் தரிசில் ஒரு வகை. ஆக, ஆந்தையும் நரியும் ஆறுமணிக் குருவியும் இருக்கும் ஒரு திறந்த புதர்க்காடு ஒரு கணக்கில் பூஜ்யம், இன்னொரு கணக்கில் தரிசு. அதே இடத்தில் தைலமரத் தோப்புப் போட்டால் மதிப்பெண் ஏறும். நாட்டின் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு காடும் மரமும் இருக்க வேண்டும் என்பது 1952இன் வனக் கொள்கையிலும் 1988இன் கொள்கையிலும் உள்ள இலக்கு. 2022 செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தை முதலமைச்சர் தொடங்கிவைத்தபோதும் அந்த 33 சதவீதமே குறிக்கோள். தொடக்க விழா நடந்த இடம் வண்டலூர்.

அதே வண்டலூரில்தான் 2016 டிசம்பர் 12ஆம் தேதி வார்தா புயல் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. பூங்காவை மூடி வைத்துச் சுத்தம் செய்ய நேர்ந்தது. நகரெங்கும் விழுந்தவற்றில் முன்வரிசையில் இருந்தவை நிழலுக்கும் அழகுக்கும் நாம் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த தூங்குமூஞ்சி, மயில்கொன்றை, பெருங்கொன்றை. விரைவாக வளர்ந்தவை, வேர் மேலோடியவை. ஒடிந்த உள்ளூர் மரங்களில் பல அடியிலிருந்து மறுபடி துளிர்த்தன. துளிர்ப்பதற்குத்தான் அவற்றுக்கு நூற்றைம்பது ஆண்டுப் பழக்கம் இருக்கிறதே. ஆரோவில்லில் 1968க்குப் பிறகு வெறும் செம்மண் மேட்டில் தொடங்கி, கோயிற்காடுகளிலிருந்து விதை பொறுக்கி, இந்தக் காட்டை மறுபடி எழுப்பிக் காட்டியிருக்கிறார்கள். முதலில் வரப்புப் போட்டு மழைநீரை நிறுத்தினார்கள். ஆடு நுழையாமல் தடுத்தார்கள். அதன் பிறகுதான் நட்டார்கள்.

தாம்பரம் பக்கம் அந்த அளவு வேலைகூட வேண்டியதில்லை, கட்டைகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. நன்மங்கலத்தில் குழி தோண்டி வரிசையாகக் கன்று நடும் செலவை நிறுத்தி, காவலுக்கும் தெருநாயைத் தடுக்கும் வேலிக்கும் கோடைத்தீயை அணைக்கும் ஆட்களுக்கும் அதைக் கொடுக்கலாம். அந்த வேலைக்கு இருளர் குடும்பங்களை நிரந்தரச் சம்பளத்தில் அமர்த்தலாம். ஒரு காயாப் புதரின் ஏழெட்டுத் தண்டுகளில் எதை விட்டால் அது மரமாகும் என்று அவர்களைக் கேட்டால் சொல்வார்கள். இதற்கு விழா எடுக்க முடியாது. நட்ட கன்று இத்தனை லட்சம் என்று அறிக்கையில் எழுதவும் முடியாது. அந்த அறிக்கையில் புதருக்கென்று ஒரு பத்தி திறப்பதுதான் முதல் வேலை.